சிறுவர் வகுப்பும் இணையமும்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கல்வியைப் பற்றி ஏதேனும் பேசுக என்று செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தபொழுது நாம் சிறிது தயங்கினோம். ஆசிரியப் பணியில் முடி நரைத்த பெரியோர் பலர் அமர்ந்திருக்கும் இச்சபையில், இன்னும் பட்டம் பெறாத மாணவர் கல்வியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதையே ஒக்கும். ஆயினும், இணையம் என்னும் கருவியோடு வளர்ந்த தலைமுறை எமது தலைமுறை. அதன் நன்மையையும் தீமையையும் நாம் நேரிற் கண்டிருக்கிறோம். ஆதலின், ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் கூடிப் படிப்பதற்கு அக்கருவி உதவுமா, உதவுமெனின் எவ்வாறு உதவும் என்பதைப் பற்றிச் சில சொல்ல முன்வந்தோம். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

இணையம் என்றதும் பெரியோர் சிலர் முகஞ் சுளிப்பதை இங்கிருந்தே காண்கிறோம். அச்சுளிப்பிற்குக் காரணம் உண்டு. உண்ணும்போதும் கைத்தொலைபேசி, உறங்கும்போதும் கைத்தொலைபேசி என்றாகிவிட்ட பிள்ளைகளை நாம் ஒவ்வொருவரும் எமது வீட்டிலேயே அறிவோம். ஆனால் நாம் இன்று பேச வந்தது பிள்ளை தனியே மூலையிலிருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பற்றியன்று. ஒரு வகுப்பிலுள்ள பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்து, ஒருவருக்கொருவர் உதவி, தாம் அறிந்ததை இன்னோர் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கற்பதைப் பற்றியே பேச வந்தோம். முன்னையது வேறு, பின்னையது வேறு. கருவி ஒன்றாயிருப்பதால் இரண்டும் ஒன்றென எண்ணிவிடலாகாது.

இவ்வெண்ணம் இணையத்தோடு பிறந்ததன்று. நூறாண்டுகளுக்கு முன்னே பிரான்சு தேசத்தின் தெற்கில், பார் சுர் லூ என்னும் மலையூரில், செலெஸ்தான் பிரெனே என்றோர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் இருந்தார். 1896 ஆம் ஆண்டிற் பிறந்த அவர், முதலாம் உலக யுத்தத்திற் போர்வீரராயிருந்து நுரையீரலிற் காயமுற்றவர். நீண்ட நேரம் உரத்துப் பேச அவரால் இயலாது. ஆசிரியர் பேசப் பிள்ளைகள் கேட்டிருப்பதே கல்வி என்றிருந்த காலத்தில், பேச இயலாத ஆசிரியர் என்ன செய்வார்? அவர் பிள்ளைகளைப் பேசவிட்டார். வகுப்பறையை விட்டு வெளியே அழைத்துச் சென்று, ஊரிலே நெசவு செய்பவரையும் மரவேலை செய்பவரையும் பார்க்கச் செய்தார். திரும்பி வந்ததும் கண்டதைச் சொல்லச் சொன்னார். பின்னர் ஒரு சிறிய அச்சியந்திரத்தை வாங்கி வகுப்பறையில் வைத்தார். பிள்ளைகள் தாம் சொன்னதைத் தாமே எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள்.

அச்சிட்டதை யார் படிப்பது? அங்கேதான் அவருடைய பெருமை விளங்குகிறது. அத்தேசத்தின் மறுகோடியில், பிரிட்டனிக் கடற்கரையில், ரெனே தனியேல் என்னும் ஆசிரியரின் வகுப்பு இருந்தது. இரு வகுப்புக்களும் தாம் அச்சிட்ட தாள்களைத் தபால் மூலம் ஒன்றுக்கொன்று அனுப்பத் தொடங்கின. மலையூர்ப் பிள்ளைகள் கடற்கரைப் பிள்ளைகளின் வாழ்க்கையை அறிந்தார்கள். கடற்கரைப் பிள்ளைகள் மலையூரை அறிந்தார்கள். தன் எழுத்தைத் தொலைவிலே ஒருவன் ஆவலோடு காத்திருந்து படிக்கிறான் என்று தெரிந்தபின், எந்தப் பிள்ளை எழுத்துப் பிழை விட விரும்பும்? ஆசிரியர் பிரம்பெடுத்துத் திருத்த வேண்டிய பிழையை, காத்திருக்கும் நண்பனின் நினைவே திருத்திவிட்டது. பிரெனே 1966 ஆம் ஆண்டிற் காலமானார். அவர் வழிவந்த ஆசிரியர்கள் இன்றும் பல நாடுகளில் இருக்கின்றனர்.

இன்னோர் உதாரணமும் சொல்வோம். 1964 ஆம் ஆண்டில் ஜெவ் பிறவுண் என்பவர் சிறுவர்க்கு ஒரு கதை எழுதினார். பலகையொன்று விழுந்ததால் தாளைப்போலத் தட்டையாகிவிட்ட ஸ்டான்லி என்னும் சிறுவன், கடித உறையிற் புகுந்து தபாலிற் பயணஞ் செய்கிறான். கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்தில் டேல் ஹியூபேர்ட் என்னும் ஆசிரியர், 1995 ஆம் ஆண்டில் இக்கதையைக் கொண்டு ஒரு திட்டம் வகுத்தார். பிள்ளைகள் தாளில் ஸ்டான்லியை வெட்டி எடுத்து இன்னொரு பாடசாலைக்கு அனுப்புவர். அங்குள்ள பிள்ளைகள் அவனை விருந்தாளியாக ஏற்று, அவன் எங்கே போனான், எதைக் கண்டான் என்று நாட்குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவர். எந்தெந்த வகுப்புக்கள் இதிற் சேர விரும்புகின்றன என்பதை இணையத்தின் மூலம் அறிந்துகொண்டனர். தாளும் கத்தரிக்கோலும் தபாலும் இணையமும் இங்கே ஒன்றாய் வேலை செய்தன என்பதைக் கவனியுங்கள். ஐரோப்பாவில் 2005 ஆம் ஆண்டு முதல் "ஈ-ருவினிங்" என்னும் பெயரில் வெவ்வேறு நாட்டுப் பாடசாலைகள் சோடி சேர்ந்து ஒரே வேலையைச் செய்துவருவதும் இவ்வழியில் வந்ததே.

இனி எமது நாட்டிற்கு வருவோம்.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோய் காரணமாக எமது நாட்டுப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. இடையிடையே திறந்தும் மூடியும், 2021 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21 ஆந் திகதிதான் இருநூறு பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் மீண்டும் திறக்கத் தொடங்கின. தொற்றுநோய் தணிய, 2022 ஆம் ஆண்டிலே எரிபொருள் இல்லை என்று மறுபடியும் மூடினார்கள். அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்தவர் யார்?

கல்வி அமைச்சு "ஈ-தக்சலாவ" என்னும் இணையத்தளத்தில் மூன்று மொழிகளிலும் பாடங்களை வைத்திருந்தது. பழைய தக்கசீலத்தின் பெயரை அதற்கு இட்டிருந்தனர். பெயர் பெரிது, பாடங்களும் நல்லவை. ஆனால் 2019 ஆம் ஆண்டுக் கணக்கின்படி எமது நாட்டில் நூறு வீடுகளில் ஏறக்குறைய 22 வீடுகளிலேதான் கணினி இருந்தது. ஆகவே பெரும்பாலான பிள்ளைகளுக்கு வகுப்பறையாக அமைந்தது தகப்பனாரின் கைத்தொலைபேசியும் அதிலுள்ள வட்ஸ்அப்புமே.

நாம் அப்பொழுது ஒரு மிஷன் பாடசாலையின் உயர்வகுப்பு மாணவர். எமது ஒழுங்கையில் வசிக்கும் ஆசிரியை ஒருவர் நான்காந் தரத்திற்குக் கற்பிப்பவர். "தம்பி, உங்களுக்கு இந்தப் போன் வேலையெல்லாம் தெரியும்தானே, எனக்குக் கொஞ்சம் உதவி செய்யுங்கோ" என்று கேட்டார். நாமும் நண்பர் இருவருமாகச் சென்றோம். வகுப்பில் 26 பிள்ளைகள். பெற்றோரின் தொலைபேசி எண்களைச் சேர்த்துக் குழுவொன்றை அமைத்தோம்.

முதற் சில வாரங்கள் நடந்தது இதுதான். ஆசிரியை புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புவார். பிள்ளைகள் கொப்பியில் விடை எழுதி அதைப் படம் பிடித்து அனுப்புவர். அவர் சரி அடையாளம் இடுவார். குழுவென்று பெயரே ஒழிய, ஒரு பிள்ளையோடு இன்னொரு பிள்ளைக்கு ஒரு வார்த்தையும் இல்லை. விடைகள் எல்லாம் ஒரே கையால் எழுதியதுபோல இருந்தன. எழுதியது பிள்ளையா, தாயா, தமக்கையா என்று கடவுளுக்கே வெளிச்சம்.

அக்காலத்தில் நாம் ஒரு தவறு செய்தோம். அதை இச்சபையில் ஒப்புக்கொள்கிறோம். ஊக்கம் உண்டாகட்டும் என்று எண்ணி, வாராவாரம் புள்ளிப் பட்டியலொன்றைத் தயாரித்துக் குழுவிற் போட்டோம். மூன்றாம் வாரம் ஒரு தாயார் எவருக்குஞ் சொல்லாமற் குழுவை விட்டு நீங்கினார். அவருடைய மகளின் பெயர் மூன்று வாரமும் பட்டியலின் அடியில் இருந்தது. வகுப்பறையிலே ஒரு பிள்ளையின் புள்ளி குறைந்தால் அது அந்த அறையோடு நின்றுவிடும். நாமோ அதை 26 வீடுகளின் விறாந்தைக்குக் கொண்டுபோய்விட்டோம். நாமும் ஆசிரியையும் அவ்வீட்டுப் படலைக்கு வெளியே நின்று மன்னிப்புக் கேட்டோம். அன்றோடு பட்டியல் நின்றது.

அதே வகுப்பில் மீன்பிடித் தொழிலாளி ஒருவரின் மகனும் இருந்தான். வீட்டிலிருந்தது ஒரேயொரு தொலைபேசி. அது தகப்பனாரோடு கடலுக்குப் போய்விடும். அவர் திரும்பி மீனை விற்று வீடு வந்து சேர இரவாகும். மற்றப் பிள்ளைகளெல்லாம் முடித்த பின்னரே அவனுடைய விடை வரும். சில நாளில் அதுவும் வரவில்லை.

இவ்வேளையிலே அந்த ஆசிரியை, எம்மைக் கேளாமலே, ஒரு புதுவழி கண்டார். புத்தகப் பக்கத்தை நிறுத்தி ஒரேயொரு கேள்வியைத் தம் குரலிற் பதிந்து அனுப்பினார். "உங்கள் வீட்டிலே மூத்தவர் ஒருவரிடம் அவருடைய தொழிலைப் பற்றிக் கேட்டு, அவர் சொல்வதைக் குரலிலே பதிந்து அனுப்புங்கள்" என்பதே அது. பார்த்து எழுத இதிலே ஒன்றுமில்லை. ஒருத்தியின் பேத்தியார் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்த கதை வந்தது. ஒருவனின் பாட்டனார் தச்சுவேலையைப் பற்றிச் சொன்னார். இரவு ஒன்பது மணிக்கு மேல், ஒரு மாதமாக மறைந்திருந்த அந்தப் பையனின் குரல் வந்தது. அவன் கேட்கத் தகப்பனார் காற்றுக்களைப் பற்றிச் சொல்கிறார். வாடை எப்பொழுது வரும், சோளகம் எப்பொழுது எழும், கச்சான் எத்திசைக் காற்று, கொண்டல் எத்திசைக் காற்று, எந்தக் காற்றிலே வலை போடலாம், எந்தக் காற்றிலே கரையில் நிற்கவேண்டும் என்று நான்கு நிமிடம் அவர் பேசினார். பின்னணியிலே கடல் இரைந்தது.

மறுநாட் காலையிற் குழு முழுவதும் கேள்விகளாயிற்று. "சோளகம் எமது வீட்டுக்கும் வருமா?" "காற்று மாறுவது அப்பாவுக்கு முன்னமே எப்படித் தெரியும்?" ஒவ்வொரு பிள்ளையும் முற்றத்தில் ஒரு தடி நட்டுத் துணி கட்டிக் காற்றின் திசையை ஒரு வாரம் குறித்தது. அந்தப் பையன் ஒவ்வோர் இரவும் தகப்பனாரைக் கேட்டுப் பதில் அனுப்பினான். எல்லாரிலும் பிந்தி வந்தவனுடைய பதிலுக்காக எல்லாரும் காத்திருந்தனர். குழுவை விட்டுப் போன தாயாரும் இரண்டாம் வாரத்தில் தாமே திரும்பி வந்தார்; மகள் காற்றுப் படம் வரைந்து வைத்திருந்தாள்.

பெரியோர்களே! தொலைபேசி மாறவில்லை, வட்ஸ்அப் மாறவில்லை, பணம் ஒரு சதமும் கூடச் செலவாகவில்லை. கேள்வி மாறியது. அவ்வளவே. முந்திய கேள்விக்கு விடை புத்தகத்தில் ஏற்கெனவே இருந்தது. ஆகவே ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை தேவைப்படவில்லை. பிந்திய கேள்விக்கு விடை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு துண்டாக இருந்தது. ஆகவே எல்லாருக்கும் எல்லாரும் தேவைப்பட்டனர். பிரெனே என்னும் அப்பெரியாரைப் பற்றி நாம் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற பின்னரே படித்தோம். அவர் அச்சியந்திரத்தால் செய்ததைத்தான் எமது ஒழுங்கை ஆசிரியை ஒரு பழைய தொலைபேசியாற் செய்தார் என்பது அப்பொழுதுதான் விளங்கியது.

இப்பொழுது பாடசாலைகள் திறந்துவிட்டன. இனி எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். நோய்க்காலத்திற் கட்டாயத்தாற் கைக்கொண்ட கருவியை, நோய் தீர்ந்ததும் வீசியெறிந்துவிட்டோம். அதன் நற்பயனையும் அதனோடு சேர்த்து வீசிவிட்டோமோ என்பதே எமது கவலை. இன்று அதே கருவி எமது பிள்ளைகளிடம் இருக்கிறது; ஆனால் விளையாட்டிற்கும் வேடிக்கைக்குமே இருக்கிறது. இல்லையெனின், ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குரிய வினாத்தாள்களை மாற்றிக்கொள்ள இருக்கிறது.

இதற்கு எழக்கூடிய தடைகளையும் மறைக்காமற் சொல்வோம்.

முதலாவது, வசதியின்மை. 1945 ஆம் ஆண்டில் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் எமக்கு இலவசக் கல்வி கிடைத்தது. பாடத்திற்குக் கட்டணம் இல்லை. ஆனால் பாடம் வந்து சேரும் டேற்றாவுக்குக் கட்டணம் உண்டு என்றால், வறியவன் மறுபடியும் வாசலுக்கு வெளியே நிற்பான். ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கருவி என்னும் பேச்சை நாம் ஏற்கவில்லை. ஒரு வகுப்பிற்கு ஒரு கருவி போதும். பிரெனேயின் வகுப்பிலும் அச்சியந்திரம் ஒன்றே.

இரண்டாவது, பாதுகாப்பு. வட்ஸ்அப் பதின்மூன்று வயதிற்குக் குறைந்தோர்க்கு உரியதன்று என்பது அந்நிறுவனம் வகுத்திருந்த விதி. ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் தம் பெயரிற் கணக்கு வைத்திருக்கலாகாது. ஆசிரியரின் அல்லது பெற்றோரின் கருவியே பயன்படவேண்டும். பிள்ளையின் முகத்தையும் வீட்டு விலாசத்தையும் வெளியாருக்கு அனுப்பலாகாது. குரலும் எழுத்தும் சித்திரமும் போதும்.

மூன்றாவது, பரீட்சை. காற்றைப் பற்றியும் புகையிலையைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தால் பரீட்சையில் எப்படிச் சித்தியெய்துவது என்று பெற்றோர் வினவுவர். நியாயமான வினாவே. ஆனால் தன் நண்பன் வாசிப்பான் என்று எழுதிப் பழகிய பிள்ளைக்குக் கட்டுரை எழுதக் கை நடுங்காது என்பது எமது துணிபு. நாம் கற்ற மிஷன் பாடசாலையில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கையெழுத்துப் பத்திரிகையொன்றைச் சுவரில் ஒட்டுவோம். எமக்குத் தமிழ் எழுத வந்தது பாடப் புத்தகத்தால் மாத்திரமன்று, அந்தச் சுவராலுமே. இன்று அத்தகைய சுவர் இணையத்திலும் உண்டு. பட்லெட் என்னும் பலகையில் ஒரு வகுப்பார் அனைவரும் தத்தம் தாளை ஒட்டலாம். இன்னோர் ஊரிலிருந்து அதை வாசிக்கலாம்.

இனி, எமது மன்றத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது: எமது வாசிகசாலையிலுள்ள கணினியை, வாரத்தில் இரண்டு மாலைகளில், அயற் பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கென ஒதுக்குவோம். எம்மில் இருவர் முறைவைத்து உடனிருப்போம். தமிழிலே நல்ல சிறுவர் கதைகளை இலவசமாகத் தரும் தளங்கள் உள்ளன. பெங்களூரிலிருந்து 2015 ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்டோரிவீவர் அவற்றுள் ஒன்று. அதில் ஒரு கதையைப் பத்துப் பிள்ளைகள் சூழ்ந்திருந்து ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர் கேட்கட்டும். திரை ஒன்று, கண்கள் இருபது.

இரண்டாவது: எமது ஊர் வகுப்பொன்றை மலையகத்து வகுப்பொன்றோடு நட்புக் கொள்ளச் செய்வோம். எமது பிள்ளை காற்றையும் பனையையும் பற்றிச் சொல்லட்டும். அவர்கள் மூடுபனியையும் தேயிலைக் கொழுந்தையும் பற்றிச் சொல்லட்டும். இருவரும் பேசுவது தமிழே. ஆயினும் ஒருவரையொருவர் அறியார். அது நன்றாய் நடந்தால் மறு ஆண்டில் தென்னிலங்கைச் சிங்கள வகுப்பொன்றோடும் அவ்வாறே செய்யலாம். இரண்டாம் மொழியைப் புத்தகத்திலே படிப்பதைவிட, சித்திரம் வரைந்து அதன் கீழ் நண்பனுக்கு இரண்டு சொல் எழுதிப் படிப்பது எளிதன்றோ?

மூன்றாவது: பிள்ளைகள் மூத்தோரிடம் கேட்டுப் பதிந்தவற்றை நாம் தொகுத்து, ஆண்டுதோறும் இம்மலரிலே சில பக்கங்கள் வெளியிடுவோம். ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மலர்களையும் இணையத்திலே யாவரும் வாசிக்க வைக்கும் "நூலகம்" என்னும் முயற்சி 2005 ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட மக்களுக்கு, ஒரு பிரதி மாத்திரம் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. எமது பிள்ளைகளின் எழுத்தும் எமது மூத்தோரின் சொல்லும் அங்கே ஒரு மூலையிலேனும் இருக்கட்டும்.

இதற்கு வேண்டிய பொருள் சிறிது. வேண்டிய பொழுதோ பெரிது. இளைஞர் நாம் பொழுதைத் தரச் சித்தமாயிருக்கிறோம். பெரியோராகிய நீங்கள் தரவேண்டியது வேறொன்று. ஒரு பிள்ளை கையிலே தொலைபேசியோடு உங்கள் திண்ணைக்கு வந்து, "தாத்தா, உங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்கும்பொழுது, "போய்ப் படி" என்று அனுப்பிவிடாதீர்கள். அது படிக்கத்தான் வந்திருக்கிறது. அருகில் இருத்திச் சொல்லுங்கள்.

அந்த மீனவரின் மகன் இவ்வாண்டு ஒன்பதாந் தரத்திற் படிக்கிறான். சென்ற மாதம் சந்தையடியில் எம்மைக் கண்டு, "அண்ணை, அந்தக் குழு இன்னும் இருக்குதோ?" என்று கேட்டான். இல்லையென்று சொல்ல எமக்கு வெட்கமாயிருந்தது. அடுத்த ஆண்டு விழாவிற்கு முன் அவனுக்கு வேறு பதில் சொல்ல இம்மன்றம் எமக்குத் துணை நிற்கும் என நம்புகிறோம்.